கீசர் நாட்குறிப்பு: தண்டையார்பேட்டை, மழைக்கு முன்னும் பின்னும்

அக்டோபர் 5

மழைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மார்ச்சில் அணைத்த கீசர்களை இனிதான் வீடு வீடாகப் போடுவார்கள். போடுவதற்கு முன்பே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறோம். காரணம் இந்தப் பக்கத்துத் தண்ணீர். காட்டுப்பள்ளியில் 2010-லிருந்து ஓடும் மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத் தண்ணீரும் புழல் ஏரித் தண்ணீரும் வந்தாலும், பெரும்பாலான வீட்டுச் சம்ப்பில் போர் தண்ணீரும் கலக்கிறது. கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். குடிநீருக்கு இந்தியத் தரம் சொல்லும் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லையென்றால் 2000 வரை. அந்த அளவு குடிக்கிறவருக்குப் போட்டது. கீசருக்கு 500-ஏ அதிகம்தான்.

உப்பு இருவிதமாகக் கெடுக்கிறது. சுண்ணாம்பு தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் படிகிறது, குளோரைடு தொட்டியை அரிக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு சர்வீஸ் முடிந்தது என்று போகிறவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள்.

அக்டோபர் 9

திறக்கிற முறை. மின் பெட்டியில் கீசருக்கான எம்.சி.பி. பிரேக்கரை இறக்கி, கீசருக்குள் வரும் இரண்டு ஒயரையும் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்விட்ச் நியூட்ரலில் போட்டிருக்கும் பழைய வயரிங் இங்கே நிறைய. ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் காயிலில் கரண்ட் நிற்கும். தண்ணீர் ஆறட்டும். கீசருக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக் வால்வை மூடி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டு, குளிர்ந்த தண்ணீர் உள்ளே வரும் ஹோஸைக் கழற்றி வாளியில் பிடிக்க வேண்டும். சுடுதண்ணீர்க் குழாய் திறந்தே இருந்தால்தான் காற்று உள்ளே போய்த் தண்ணீர் முழுசாக இறங்கும். இறங்காமல் நின்றால் ஹோஸ் வாய் அடைத்திருக்கிறது என்று பொருள். ஒரு கம்பியால் குத்தினால் சுண்ணாம்புச் சில்லுகள் கொட்டும்.

பிறகு கீழ் மூடி, தெர்மோஸ்டாட், காயில் தட்டின் நட்டுகள். ஒயரைக் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டை மெதுவாக இறக்கினால் வெள்ளைச் சேறு வழியும். அதைக் கையால் அள்ளி எடுத்துவிட்டு, இரண்டு வாளி தண்ணீர் விட்டு அலசினால் போதும். தொட்டிக்குள் கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் போகக் கூடாது. உள்ளே பூசியிருப்பது கண்ணாடிப் பூச்சு. ஓர் இடத்தில் சில்லு பெயர்ந்தால் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

அக்டோபர் 10

நேற்று எடுத்த காயிலைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். சுண்ணாம்பு உறை கம்பியைவிடப் பருமன். விரலால் தட்டினால் ஓடு மாதிரிப் பெயர்ந்து விழுகிறது, உள்ளே உலோகம் நீலமும் பழுப்புமாகக் கறுத்திருக்கிறது. அந்த நிறம் வந்தது சூட்டால். சுண்ணாம்பு போர்வை மாதிரி மூடிக்கொள்வதால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கி, காயிலின் உலோக உறை வெடிக்கிறது. வெடிப்பில் தண்ணீர் புகுந்து உள்ளிருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூளை நனைத்ததும் கரண்ட் கசிந்தால் மின்சாரத்தை அணைக்கும் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகிறது. மழைக்காலத்தில் "கீசர் போட்டால் வீடே ஆஃப் ஆகுது" என்று வரும் போன்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கழுவுவதற்குச் சிட்ரிக் ஆசிட் தூள், அதாவது எலுமிச்சை உப்பு. 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 250 கிராம். காயில் மட்டும் மூழ்க, முனைகள் வெளியே இருக்க, ஒன்று இரண்டு மணி நேரம். நுரைப்பது நின்றும் சுண்ணாம்பு மிச்சமிருந்தால் ஆசிட் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கரைக்க வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது சுண்ணாம்போடு உறையையும் தின்னும். பிளீச்சிங் பவுடர் கலந்த வாளியில் எந்த ஆசிட்டும் ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

காய்ந்தபின் மீட்டர் வைத்தால் 2000 வாட் காயில் 26 ஓம் சுற்றிக் காட்ட வேண்டும். கரண்ட் கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரில் முனைக்கும் உறைக்கும் நடுவே 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் மாற்றிவிடுவது நல்லது.

அக்டோபர் 17

ஆனோடு ராடு பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றித்தான் யாருமே கேட்பதில்லை. காயில் தட்டிலேயே மரை போட்டு நிற்கும் மக்னீசியக் கம்பி அது. இரும்பைவிட மக்னீசியம் முந்திக்கொண்டு அரிபடும். அது கரைகிற வரை தொட்டி தப்பிக்கும். கண்ணாடிப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் எப்போதும் உண்டு, அவற்றைக் காப்பது இந்தக் கம்பி மட்டும்தான். உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடுவதால் கரைவதும் வேகம். கீசர் அணைந்திருந்தாலும் தொட்டியில் தண்ணீர் இருக்கிறவரை கரைந்துகொண்டே இருக்கும்.

பாதிப் பருமனுக்கு இளைத்திருந்தாலோ நடுவிலுள்ள இரும்புக் கம்பி தெரிந்தாலோ மாற்றம்தான். மெட்ரோ தண்ணீர் (மாநகரக் குழாய்த் தண்ணீர்) மட்டும் என்றால் இரண்டு வருடம் பொறுக்கலாம். போர் தண்ணீர் கலந்தால் வருடத்துக்கு ஒன்று. பழைய ராடைக் கையோடு எடுத்துப் போய் அதே மரை, அதே நீளம் பார்த்து வாங்குங்கள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், உலோகமும் உலோகமும் தொட்டால்தான் அது வேலை செய்யும். தொட்டி ஓட்டையானால் ஒட்ட வழியில்லை, புது கீசர்தான். ராடின் விலை அதில் சிறு பங்கு.

அக்டோபர் 18

தட்டை மூடும்போது கேஸ்கெட் புதிதாக இருக்க வேண்டும். அழுந்திப்போன பழைய ரப்பர் ஒரு வாரம் தாங்கி, பிறகு சொட்டுச் சொட்டாகத் தெர்மோஸ்டாட் மேல் ஒழுகும். நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டின் முனை அதன் குழலுக்குள் கடைசிவரை போயிருக்கிறதா பாருங்கள்; பாதியில் நின்றால் அது சூட்டைக் குறைவாக உணர்ந்து தண்ணீரைக் கொதிக்க விடும். தொட்டியை நிரப்பி, சுடுதண்ணீர்க் குழாயில் காற்றில்லாமல் ஒரே சீராக வந்த பிறகுதான் ஸ்விட்ச்.

நவம்பர் 2

மழை பிடித்துவிட்டது. வரும் போன்களில் பாதி, "கீசருக்குப் பக்கத்து வால்வு சொட்டுது, அடைச்சிடலாமா?" அடைக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியே விடும் பாதுகாப்பு வால்வு அது. 15 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 65-க்குப் போனால் ஏறத்தாழ கால் லிட்டர் விரியும். உள்ளே வரும் வழியில் திரும்பவிடாத வால்வு இருப்பதால் அந்தக் கால் லிட்டருக்குப் போக்கிடம் அந்தப் பாதுகாப்பு வால்வின் ஓட்டைதான். அதில் எம்-சீல் வைத்து அடைத்த வீட்டைப் பார்த்தபோது நமக்குக் கை நடுங்கியது. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் அந்தத் தொட்டி வெடிகுண்டு.

சூடாகாத நேரத்திலும் சொட்டினால்தான் கோளாறு. வால்வின் நெம்புகோலை இரண்டு மூன்று தடவை தூக்கிவிட்டால் உள்ளே சிக்கிய சுண்ணாம்புத் துகள் போய்விடும். நிற்கவில்லையென்றால், அதே பார் (அழுத்த) அளவு பொறித்த வால்வு வாங்கிப் போடுங்கள். மாதம் ஒருமுறை தூக்கிவிட்டால் இறுகாது.

நவம்பர் 11

2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி 16 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பிளக் முள் பழுப்பாகியிருந்தால் சாக்கெட் லூஸ். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக் காற்று எர்த் குழியின் கிளாம்ப்பைத் தின்றுவிடுகிறது. குழியைத் திறந்து, பச்சை பூத்திருந்தால் தேய்த்து இறுக்கி, கிரீஸ் தடவுங்கள்.

நவம்பர் 23

சுடுதண்ணீர் மட்டும் அழுகிய முட்டை நாற்றம். பச்சைத் தண்ணீர் நாறவில்லையென்றால் கோளாறு தொட்டிக்குள்தான்: சல்பேட்டைத் தின்னும் கிருமிகளுக்கு மக்னீசியம் உதவி செய்கிறது. தண்ணீரை 60 டிகிரிக்கு மேல் ஏற்றி ஒரு தொட்டியை முழுசாக வெளியே விடுங்கள். திரும்ப வந்தால் அலுமினியம்-துத்தநாக ராடு போடலாம். ராடே இல்லாமல் விடுவது வேண்டாம்.

டிசம்பர் 16

மார்கழி பிறந்தது. மாடித் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 15 லிட்டரை 55-க்குக் கொண்டுவர 2000 வாட்டில் கால் மணி நேரம், அரை யூனிட்டுக்குச் சற்று மேல். 75-க்கு என்றால் 26 நிமிடம். அந்தக் கூடுதல் சூட்டில்தான் சுண்ணாம்பு மளமளவென்று படிகிறது. குமிழை 55-ல் வைத்து, குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் போட்டால் போதும். நாள் முழுக்க எரியவிட வேண்டியதில்லை.

கீழ் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் மூன்று வரி எழுதி வைக்கிறோம்: திறந்த தேதி, ராடு மாற்றியதா, காயில் எத்தனை ஓம். அடுத்த ஐப்பசியில் யார் வந்து திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.