அலமாரியில் தூங்கிய ஃபிட் கிட்

சிங்கப்பூரில் 50 வயதைத் தொட்டவர்களையும் தாண்டியவர்களையும் பெருங்குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள், சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் அதற்கான ஃபிட் (FIT) கிட்டை, அதாவது வீட்டிலேயே மல மாதிரி எடுக்கும் பெட்டியை, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசமாகவே தருகிறது, ஆனால் என் வீட்டில் அது மூன்று மாதம் குளியலறை அலமாரியில் தூங்கியது. கூச்சம்தான், வேறென்ன. கடைசியில் பார்த்தால் குச்சியால் கொஞ்சம் எடுத்துக் குழாயில் போட்டு மூடினால் முடிந்தது, பத்தியம்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத்தான் தேடுகிறார்கள். இருந்தால் புற்றுநோய்தான் என்று இல்லை, மூல நோயாகவும் இருக்கலாம், ஆனால் அடுத்து கொலனோஸ்கோப்பி, அதாவது கேமரா உள்ள குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்தே ஆக வேண்டும். அதற்கு முந்தின நாள் பேதி மருந்து குடிப்பதுதான் பெரும்பாடு. பாலிப் (குடலின் உள்சுவரில் வளரும் சிறு சதை) இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். பெற்றோர், கூடப்பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருந்திருந்தால் 50 வரை காத்திருக்காமல் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், அண்ணனும் ஒரு கிட் வாங்கினார், இன்னும் பிரிக்கவே இல்லை மனுஷன்.