சப்பசிகே சொப்பை உலர்த்திப் பார்த்த ஆறு வாரங்கள்

பெங்களூரில் சப்பசிகே சொப்பு என்று கூவி விற்கப்படும் கீரையை எங்கள் வீட்டில் அக்கி ரொட்டி என்னும் அரிசிமாவு ரொட்டிக்காகத்தான் முதலில் வாங்கத் தொடங்கினோம். பெருஞ்சீரகச் செடியின் இலையைப் போல மெல்லிய இழைகளாகப் பிரிந்திருக்கும் இதன் வாசனை முதல் நாளிலேயே எல்லோருக்கும் பிடித்துவிடுவதில்லை. பிடித்துவிட்டால், அது சேராத அக்கி ரொட்டியை உண்ணவே மனம் வருவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் சதகுப்பை என்று கேட்டால் எடுத்துத் தரும் விதை இதே செடியினுடையது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே நான் அறிந்துகொண்டேன். நம் பக்கத்தில் பெரும்பாலும் மருந்தாகவே அறியப்பட்ட செடி, இங்கே அன்றாடச் சமையலுக்குள் நுழைந்திருக்கிறது.

மதுரையில் இருக்கும் என் தங்கை பிரசவத்துக்குப் பின் இரண்டு மாதங்கள் எங்களுடன் தங்கியிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று இக்கீரையைச் சமைத்துக் கொடுப்பது இங்குள்ள வழக்கம் என்பதால், பக்கத்து வீட்டு அம்மாள் வாரம் இருமுறை கொண்டுவந்து கொடுத்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த வாசனைக்காக அவள் ஏங்கத் தொடங்கினாள். பறித்த இரண்டாம் நாளே துவண்டு, மூன்றாம் நாள் மஞ்சளாகிவிடும் கீரையைப் பச்சையாக அனுப்ப வழியில்லை. அதனால்தான் இந்த ஜனவரியில், அவரைக்காய்ப் பருவத்தில் கீரைக்கட்டு பருத்து, விலையும் இறங்கியிருந்த நேரத்தில், உலர்த்திப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஜனவரி 5. 600 கிராம் எடையுள்ள ஒரு கட்டை வாங்கி, கழுவி, தண்ணீரை உதறிவிட்டு, வேர்ப்பக்கத்தை நூலால் கட்டி, சமையலறை ஜன்னலருகே தலைகீழாகத் தொங்கவிட்டேன். ஆறாம் நாள் வெளிப்புற இலைகள் நன்றாகக் காய்ந்திருந்தன. கட்டைப் பிரித்தபோதோ உள்ளே தண்டுகள் நெருங்கியிருந்த இடம் கறுத்து, பூசணத்தின் வாடை வீசியது. முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. கட்டை ஐந்தாறு சிறு கொத்துகளாகப் பிரித்துத் தொங்கவிட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். ஆனால் உண்மையான தவறு அதற்கு முன்பே, கழுவும்போதே நடந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

இந்த இலை தண்ணீரைத் தன் இழைகளுக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும், உதறினால் போகாது. அடுத்த முறையிலிருந்து நான் செய்வது இதுதான்: வேரையும் அடித்தண்டையும் முதலில் நறுக்கி எறிந்துவிட்டு, அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கீரையை அலசி, மண் அடியில் தங்கும் வரை காத்திருந்து, தண்ணீரைக் கொட்டாமல் கீரையை மட்டும் மேலாக அள்ளி எடுக்கிறேன். இப்படி மூன்று முறை அலசினால் மண் முழுமையாகப் போய்விடுகிறது. பிறகு பழைய பருத்தித் துண்டின்மேல் பரப்பி, பாயைப் போலச் சுருட்டி, மெதுவாக அழுத்தி, அரை மணி நேரம் அப்படியே வைக்கிறேன். பிரித்து எடுக்கும்போது துண்டு நனைந்திருக்கும், இலை கைக்கு ஒட்டாமல் வரும். இந்த அரை மணி நேரத்தைச் சேமிக்க நினைத்தால் உலர்த்தலில் ஒரு நாள் கூடுதலாகிறது.

ஜனவரி 12. மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தேன். காலை பத்து மணிக்குப் பரப்பியது மறுநாள் மாலைக்குள் சருகாகிவிட்டது. வேகத்தில் குறையில்லை, ஆனால் நிறம் வைக்கோலை நெருங்கியிருந்தது, கசக்கி முகர்ந்தால் காய்ந்த புல்லின் வாசனைதான் வந்தது. வெயில் பச்சையத்தைச் சிதைத்துவிடுகிறது; இலையின் மணத்துக்குக் காரணமான எண்ணெயோ எளிதில் ஆவியாகும் தன்மையுடையது, சூடு ஏற ஏற நீரோடு சேர்ந்து அதுவும் போய்விடுகிறது. சித்த மருத்துவச் செய்முறைகளில் மூலிகைகளை ‘நிழலில் உலர்த்தி’ என்று அழுத்தமாகச் சொல்லியிருப்பதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

ஜனவரி 18. நிழலில் உலர்த்தத் தொடங்கினேன். காம்பிலிருந்து சிறு கிளைகளாகக் கிள்ளிய இலை 300 கிராம் இருந்தது. திரைச்சீலை மூடிய அறையில், கட்டிலின்மேல் வெள்ளைத் துணி விரித்து, இலை இலைமேல் படாதவாறு ஒற்றை அடுக்காகப் பரப்பி, மின்விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டேன். காற்று நேராக விழுந்தால் காய்ந்த இலைகள் பறந்துவிடும் என்பதால், மேலே மெல்லிய மஸ்லின் துணி ஒன்றைப் போர்த்தினேன். காலையும் மாலையும் கையால் புரட்டிவிட்டேன். முதல் இரண்டு நாள்களில் அறை முழுவதும் மணந்தது. அந்த மணம் இலையிலிருந்து வெளியேறும் மணம்தானே என்று சிறிது கவலையாகவும் இருந்தது. நான்காம் நாள் மாலை இலையை விரலிடையில் வைத்து நசுக்கினால் சரசரவென்று பொடிந்தது, சிறு காம்பும் வளையாமல் ஒடிந்தது. எடை போட்டபோது 46 கிராம் இருந்தது. பச்சை இலையில் நூற்றுக்கு 86 பங்கு தண்ணீர்தான் என்பதால், இது எதிர்பார்த்த கணக்குதான். நிறம் சற்று மங்கிய பச்சை. மணம், வெயிலில் காய்ந்ததோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு நன்றாக இருந்தது.

ஜனவரி 25. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மைக்ரோவேவிலும் ஒரு கைப்பிடி இலையைக் காயவைத்தேன். இரண்டு காகிதத் துண்டுகளுக்கு இடையில் பரப்பி, முதலில் ஒரு நிமிடம், பின்பு இருபது இருபது விநாடிகளாக வைத்து எடுத்ததில், ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் காய்ந்துவிட்டது. நிறத்தில் இதுவே முதலிடம் பெறும். மணத்தில் நிழலில் உலர்த்தியதற்கு அடுத்த இடம்தான் கொடுப்பேன். ஓரிடத்தில் இலை கருகவும் செய்தது. அவசரத்துக்கு இது போதும், ஆனால் பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும்.

நிழலில் உலர்ந்ததை உடனே மூடி வைக்கவில்லை. கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்பி, ஒரு வாரம் நாள்தோறும் குலுக்கி, உட்சுவரில் ஈரம் படிகிறதா என்று பார்த்தேன். மூன்றாம் நாள் லேசான மங்கல் தெரிந்தது. எல்லாவற்றையும் மீண்டும் துணியில் கொட்டி அரை நாள் காற்றாட விட்ட பின் அது திரும்ப வரவில்லை. அடுப்பின் சூடும் வெளிச்சமும் படாத அலமாரியில் இப்போது வைத்திருக்கிறேன். இலையைப் பொடிக்காமல், கிளையாகவே வைத்திருப்பது முக்கியம். முன்கூட்டியே பொடித்தால் வாசனை விரைவில் போய்விடும்.

இனி சமையல். பச்சைக் கீரை ஒரு கைப்பிடி போடும் இடத்தில், அதில் மூன்றில் ஒரு பங்கு உலர்ந்த இலை போதும் என்பது பொதுவான அளவு. அந்த அளவில் அக்கி ரொட்டி செய்தபோது மணம் இருந்தது, ஆனால் ரொட்டி அதே ரொட்டியாக இல்லை. பச்சைக் கீரை மாவுக்குள் தரும் ஈரமும் மென்மையும் உலர்ந்ததில் கிடையாது. அது கீரை என்ற நிலையை இழந்து, வாசனைப் பொருளாக மாறிவிடுகிறது. இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் எனக்குச் சரியான பக்குவம் கிடைத்தது. மாவு பிசைவதற்கு 15 நிமிடம் முன்பே இலையை இரண்டு கரண்டி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அந்த நீரோடு சேர்த்து, கீரையின் இடத்தை நிரப்ப வெங்காயத்தையும் துருவிய கேரட்டையும் கூட்டிக்கொண்டேன்.

மிகவும் நன்றாக அமைந்தது தயிர்ப் பச்சடி. கடைந்த தயிரில் உலர்ந்த இலையை உள்ளங்கையில் கசக்கிப் போட்டு, இருபது நிமிடம் விட்டுப் பரிமாறினால், தயிரின் கொழுப்பு அந்த மணத்தைப் பிடித்துக்கொள்கிறது. பருப்பிலும் உருளைக்கிழங்கு வறுவலிலும் இறக்கும் நேரத்தில் மட்டுமே சேர்க்கிறேன். தாளிப்பில் போட்டுப் பார்த்த அன்று கருகல் கசப்புதான் மிஞ்சியது. இங்கே சாறு என்று சொல்லப்படும் அவரைக்காய்க் குழம்புக்கு இது ஒத்துவரவில்லை. மேல்தோலில் மணக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அவரைக்காயை இங்குள்ளவர்கள் ‘சொகடு’ உள்ள காய் என்று பெருமையோடு சொல்வார்கள். அந்தச் சொகடுக்கு முன்னால் உலர்ந்த இலை தோற்றுவிடுகிறது, பச்சைக் கீரைதான் ஈடுகொடுக்கிறது.

பிப்ரவரி 14. இரண்டாவது முறை நிழலில் உலர்த்தியதிலிருந்து 20 கிராமைச் சிறு பாட்டிலில் அடைத்து, தேதி எழுதி ஒட்டி, தங்கைக்கு அனுப்பினேன். நான்காம் நாள் பேசினாள். மூடியைத் திறந்ததும் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். அவள் மட்டும் அன்றிரவே பச்சடி செய்து சாப்பிட்டிருக்கிறாள். “அக்கா, அடுத்த தடவை கொஞ்சம் பெரிய பாட்டிலாக அனுப்பு” என்றாள். கோடையில் செடி சீக்கிரம் பூத்து இலை குறைந்துவிடும் என்பதால், மார்ச்சு முடிவதற்குள் இன்னும் இரண்டு கட்டுகளை உலர்த்திவிட வேண்டும்.