ஏழு ஸ்டார் வீட்டில் ஏ.சி. எந்தக் கணக்கில் வருகிறது?

மெல்பேர்னின் மேற்குப் பக்கம், டார்னீட்டில் மனை பார்க்கப் போனபோது நாங்கள் கேட்ட முதல் கேள்வி, கிழக்குப் பார்த்ததா என்பதுதான். ஊரிலிருந்து மாமியாரும் போனில் அதையேதான் கேட்டார். கிழக்குப் பார்த்ததே அமைந்தது. வாசல் கிழக்கே வந்தால், இங்கத்திய வீட்டு அமைப்பில் சமையலறையும் சாப்பாட்டு இடமும் ஹாலும் சேர்ந்த பெரிய அறை பின்பக்கம், அதாவது மேற்கே போய்விடும். தோட்டத்துக்குத் திறக்கும் கண்ணாடிக் கதவும் அந்தச் சுவரில்தான். ஜனவரியில் இங்கே சூரியன் மறைய இரவு எட்டே முக்கால் ஆகும். மதியம் மூன்று மணியிலிருந்து அதுவரை வெயில் நேரே அந்தக் கண்ணாடியில் விழும். இது எங்களுக்கு உறைத்தது, பில்டரிடம் கையெழுத்துப் போட்டு ஆறு வாரம் கழித்து, எரிசக்திச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தபோது.

மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2024 மே 1 முதல் புது வீடு என்றால் குறைந்தது 7 ஸ்டார் வேண்டும். வீடுகளின் எரிசக்தித் திறனை அளக்கும் நேட்ஹெர்ஸ் என்கிற ஆஸ்திரேலியத் தேசியத் திட்டத்தின் மதிப்பீடு அது. கூடவே முழு வீட்டுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. தனி வீடு 60 வாங்கியாக வேண்டும். நூறு என்றால் அந்த வீடு செலவழிக்கும் ஆற்றலின் மதிப்பும் சோலாரில் தானே உண்டாக்கும் ஆற்றலின் மதிப்பும் சரிக்குச் சரி என்று பொருள். எங்கள் சான்றிதழில் 7.0 ஸ்டார், மதிப்பெண் 62.

"பாஸாயிடுச்சே, அப்புறம் என்னங்க?" என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: குளிரூட்டல், டக்டட், 2 ஸ்டார். டக்டட் என்றால் ஒரே எந்திரத்திலிருந்து குழாய் வழியே எல்லா அறைக்கும் காற்று போகிற ஏ.சி. ஏ.சி. இரண்டு ஸ்டார், வீடு ஏழு ஸ்டார். இது எப்படி ஒத்துப்போகும் என்று எனக்குப் புரியவில்லை.

அதற்கு முன் ஆறு வருடம் மெல்பேர்னின் சன்ஷைன் பகுதியில் ஒரு பழைய மரப்பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கூரை மேல் ஈரக்காற்றுக் கூலர். ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் அது வேலை செய்யும். வறண்ட வெயிலில் பரவாயில்லை, புழுக்கமான நாளில் ஈரத்தைத்தான் கூட்டும். நாற்பது டிகிரி நாட்களில் பெண்ணைக் குளியலறைத் தரையில் துணி விரித்துப் படுக்க வைத்திருக்கிறோம். 2009 பிப்ரவரி 7 அன்று இந்த நகரம் 46.4 டிகிரி பார்த்திருக்கிறது. சொந்த வீட்டிலும் பிள்ளை அப்படிப் படுக்கக் கூடாது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பிடிவாதம்.

பில்டரின் அலுவலகத்தில் கேட்டேன். "விதிப்படி இருக்கிறது" என்ற ஒரே பதில் மூன்று முறை வந்தது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு மதிப்பீட்டாளரிடம் போனேன். அந்த அம்மா கணினியைத் திருப்பி வைத்து முதலில் சொன்னது: "ஸ்டார் கணக்கில் உங்கள் ஏ.சி. கிடையவே கிடையாது."

ஸ்டார் என்பது வீட்டின் உடம்புக்குப் போடுகிற மார்க். சுவர், கூரை, இன்சுலேஷன், கண்ணாடி, திசை, நிழல், இவ்வளவுதான். நாடு முழுவதையும் 69 தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் மண்டலத்தின் வானிலைத் தரவை வைத்து, ஒரு வருடத்தின் ஒவ்வொரு மணிக்கும் மென்பொருள் வீட்டை ஓட்டிப் பார்க்கிறது. கோடையில் சூடு ஏறினால் முதலில் ஜன்னலைத் திறந்ததாக வைத்துக்கொள்கிறது. அடுத்து சீலிங் ஃபேன், வரைபடத்தில் இருந்தால். அதற்கும் மசியாத சூட்டை மட்டும் வெளியேற்ற வேண்டிய சுமையாக எழுதிக்கொள்கிறது. மெல்பேர்னுக்கு இலக்கு 24 டிகிரி, டார்வினுக்கு 26.5. குளிர்காலத்தில் இதே வேலை, ஹாலை 20 டிகிரியில் வைக்க. இரண்டு சுமையையும் கூட்டி, சதுர மீட்டருக்கு இத்தனை மெகாஜூல் என்று வகுத்தால் ஸ்டார்.

அந்தச் சூட்டை எந்த எந்திரம் வெளியேற்றும் என்று அது கேட்பதில்லை. உலகத்திலேயே சிறந்த ஏ.சி. மாட்டினாலும், ஏ.சி.யே இல்லாவிட்டாலும் ஸ்டார் மாறாது. இது குறை என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏ.சி. பதினைந்து வருடத்தில் மாறும். மேற்கே வைத்த கண்ணாடி என் பெண்ணுக்குப் பெண் பிறந்தாலும் அங்கேயே இருக்கும். இரண்டையும் ஒரே எண்ணில் கலந்தால் கண்ணாடியின் தப்பை எந்திரம் மறைத்துவிடும்.

அந்த மறைப்பு இரண்டாவது எண்ணில்தான் நடக்கிறது. 62 என்ற மதிப்பெண்ணில் ஏ.சி. வருகிறது, தண்ணீர் சூடாக்கி வருகிறது, விளக்கு, அடுப்பு, சோலார் எல்லாம் வருகின்றன. ஸ்டாரில் சுமை எவ்வளவு என்று வந்ததோ, அதை இந்த எந்திரம் எவ்வளவு மின்சாரத்தில் முடிக்கும் என்று பார்க்கிறார்கள். ஏ.சி. கட்டத்தைக் காலியாக விட்டால் மின்சாரம் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பின்னால் யாராவது மாட்டத்தான் போகிறார்கள் என்று ஒன்றை வைத்தே கணக்குப் போடுவார்கள். அது நியாயம்தான். மின்சாரத்தின் மதிப்பும் வெறும் யூனிட் விலை இல்லை. கார்பன், உச்ச நேர நெருக்கடி எல்லாம் சேர்ந்தது.

"சோலாரை எடுத்துவிட்டுப் பாருங்கள்" என்றேன். 62 என்பது 49 ஆனது. மட்டமான டக்டட் ஏ.சி.யையும் மேற்குக் கண்ணாடியையும் கூரை மேலிருந்த பேனல்கள்தான் தாங்கிக்கொண்டிருந்தன. கணக்கில் அது தப்பே இல்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்கு, ஆண்டு முழுவதற்குமான கூட்டுத்தொகையால் என்ன பயன்? மெல்பேர்ன் குளிர் ஊர். எங்கள் வீட்டுச் சுமையில் ஐந்தில் நான்கு பங்கு சூடாக்கத்தான். கோடைச் சுமைக்குத் தனி உச்சவரம்பு உண்டு, அதிலும் எங்கள் வீடு தேறியிருந்தது. அப்படியும் அந்த ஓர் அறையின் படத்தை மட்டும் பிரித்துக் காட்டச் சொன்னபோது, பிப்ரவரி மாலைகளில் கோடு செங்குத்தாக ஏறியது. என் மனைவி திரையில் விரலை வைத்து, "இது நான் சமைக்கிற நேரம்" என்றாள். அதன் பிறகு பில்டரோடு சண்டை போட நான் தனியாக இல்லை.

கூரை நிறம்தான் நாங்கள் எதிர்பார்க்காத தலைவலி. குடியிருப்புத் திட்டத்தின் விதிப்புத்தகத்தில் அடர் சாம்பல் வரிசை மட்டும் இருந்தது. வெயிலை உறிஞ்சும் அளவு 0.7க்கு மேல் போனால் அது அடர் நிறம், 0.475க்குக் கீழே வெளிர் நிறம். நான்கு கடிதம் எழுதி, சான்றிதழை இணைத்து, ஐந்து வாரம் கழித்து நடுத்தர நிறத்துக்கு அனுமதி வாங்கினோம். வெளிர் நிறம் கிடைக்கவில்லை. அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கதவு எளிதாக முடிந்தது. மேற்குக் கதவை நான்கு பலகையிலிருந்து இரண்டாகக் குறைத்து, வெளிப்பக்கம் இறக்கும் பிளைண்ட் போட்டோம். மிச்சக் கண்ணாடியை வடக்குச் சுவருக்கு மாற்றினோம். இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கே தாழ்வாக வரும், கோடையில் உயரமாகப் போகும். கூரை விளிம்பே கோடை வெயிலைத் தடுத்துவிடும். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அப்பா வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நம்மூர்ல தெக்க வைக்கதை நீ வடக்க வைக்க, அவ்வளவுதான தம்பி" என்றார். ஹாலிலும் படுக்கையறைகளிலும் ஃபேன். இங்கே இதை இலவசமாகத் தருவதில்லை, ஆனால் மென்பொருள் அதை மதிக்கிறது.

டக்டட் ஏ.சி.யை எடுத்துவிட்டு ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைகளுக்கு இரண்டு என்று ரிவர்ஸ் சைக்கிள் ஸ்பிளிட் வைத்தோம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதும் இதே ஏ.சி.தான். 2020 ஏப்ரலிலிருந்து ஏ.சி. லேபிளில் வெப்பம், நடுத்தரம், குளிர் என்று மூன்று மண்டலத்துக்கும் தனித்தனி ஸ்டார் அச்சடிக்கிறார்கள். மெல்பேர்னுக்குப் பார்க்க வேண்டியது குளிர் மண்டலம், அதிலும் சூடாக்கும் ஸ்டார். கடையில் விற்பனையாளர் விரலை வைத்துக் காட்டியது வெப்ப மண்டலத்தின் குளிர்விக்கும் ஸ்டாரை. அது பிரிஸ்பேனில் இருப்பவருக்கு. மூன்று கடை ஏறி இறங்கிய பிறகுதான் லேபிளைப் படிக்கப் பழகினோம்.

புதுச் சான்றிதழ்: 7.5 ஸ்டார், அதே சோலாரோடு 76. கூடுதல் செலவு பிளைண்டுக்கும் ஃபேனுக்கும்தான். டக்டட்டை விட்டதில் கிடைத்த தொகை அதில் பெரும்பகுதியை ஈடுகட்டியது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் "தரமான ரிவர்ஸ் சைக்கிள் ஏ.சி." என்று எழுத விடாதீர்கள். சான்றிதழில் உள்ள ஸ்டாரையும் மாடல் எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் வாங்கியிருந்தோம். சாவி தரும் நாளன்று சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் போய் மூன்று வெளி யூனிட்டின் ஸ்டிக்கரையும் குனிந்து படித்தேன். பின் படுக்கையறையுடையது வேறு மாடல், ஒரு ஸ்டார் குறைவு. மேற்பார்வையாளர் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார், போட்டோ பிடித்துக்கொண்டார். பதினெட்டாம் நாள் ஆள் வந்து மாற்றிக் கொடுத்தார்கள்.