தென்னாப்பிரிக்காவிலிருந்து ட்ரோஃபி பெட்டி அமெரிக்கா வந்து சேரும் வழி

வேட்டைப் பயணத்துக்கு ஆகும் செலவைப் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்கள்கூட, வேட்டையின் சின்னமாக வைத்துக்கொள்ளும் கொம்பும் தோலும், அதாவது ட்ரோஃபி, வீடு வந்து சேர என்ன ஆகும் என்று கேட்டால் முழிக்கிறார்கள். வேட்டை ஏற்பாட்டாளர் தரும் விலைப்பட்டியலில் ஒரு நாள் கட்டணம் இருக்கும், ஒவ்வொரு விலங்குக்கான கட்டணமும் இருக்கும். ஏற்றுமதிச் செலவு அநேகமாக இருக்காது. ஐந்தாறு மான்களின் தோல், கொம்பு, மண்டையோடு அடங்கிய ஒரு பெட்டி தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா வந்து சேர, எல்லாம் சேர்த்து 2,000 முதல் 4,000 டாலர் வரை ஆவது சாதாரணம். பாடம் செய்யும் கூலி அதற்கு மேல் தனி.

அமெரிக்கப் பக்கத்தில் இந்தப் பெட்டிகளுக்கான சுங்கக் காகித வேலை பார்க்கிறவர்கள் நாங்கள். எங்கள் மேசைக்கு வந்து சிக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை விமானத்தில் சிக்கியவை கிடையாது. விலங்கு விழுந்த முதல் நாளிலேயே யாரோ ஏதோ ஒன்றை எழுதாமல் விட்டிருப்பார்கள். வேட்டை சரியா தப்பா என்ற வாதம் வேறு. ஆனால் கொன்ற விலங்கின் தோல் கிடங்கு மூலையில் மயிர் உதிர்ந்து கிடப்பதையோ, பறிமுதலாகி அரசுக் களஞ்சியத்துக்குப் போவதையோ எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் நியாயப்படுத்த முடியாது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

முதலில் தோல். உரித்த சில மணி நேரத்துக்குள் உப்பு ஏறாவிட்டால் தோலுக்குள் பாக்டீரியா பெருகி, மயிர்க்கால்கள் தளர்ந்துவிடும். அந்தச் சமயத்தில் தோலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் கழித்து, பாடம் செய்பவர் தண்ணீரில் ஊறவைக்கும்போது கொத்துக் கொத்தாக மயிர் கையோடு வரும். உப்பு நைஸாக இருக்க வேண்டும், அயோடின் கலக்காததாக இருக்க வேண்டும். தோலின் எடை எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு உப்பு என்பது களத்தில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. கருவாட்டுக்கு உப்புப் போடுகிற மாதிரி மடிப்பு மடிப்பாகத் தேய்த்து, நீர் வடியச் சரிவாகக் கிடத்தி, ஒரு நாள் கழித்து அந்த உப்பை உதறிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். காதைக் குருத்தெலும்பு பிரியும் வரை உள்புறமாகத் திருப்பியிருக்கிறார்களா, உதட்டையும் கண்ணிமையையும் மூக்கையும் பிளந்து விரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கெடும் தோல்களில் முதலில் கெடுவது இந்த நாலு இடமும்தான். வெயிலில் காயப்போட்டால் தோல் வெந்துபோகும், நிழல்தான் சரி. முழுக்கக் காய்ந்து பலகையாவதற்கு முன்பே மடித்துவிட வேண்டும். பலகையான பிறகு மடித்தால் விரிசல் விடும், மடிக்காமல் விட்டால் பெட்டி பெரிதாகும்.

ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி அடையாளச் சீட்டு வேண்டும். தோலுக்கு ஒன்று, மண்டையோட்டுக்கு ஒன்று, கழற்றிய கொம்புகளுக்கு ஒவ்வொன்று. வேட்டையாடியவர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, விலங்கின் பெயர், பண்ணையின் பெயர், தேதி இவ்வளவும் அதில் இருக்கட்டும். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி தொழில்முறை வேட்டை வழிகாட்டி ஒரு வேட்டைப் பதிவேட்டை நிரப்பி, வேட்டையாடியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் படிவத்தின் நகல் கைக்கு வராமல் முகாமைவிட்டுக் கிளம்பாதீர்கள். பின்னால் வரும் பெர்மிட், விலைப்பட்டியல், சுங்க அறிவிப்பு எல்லாம் அந்த ஒரு தாளை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. அதில் ‘ஜிம்’ என்றும் பாஸ்போர்ட்டில் ‘ஜேம்ஸ்’ என்றும் இருந்தால், அந்த வித்தியாசம் கடைசித் தாள் வரை கூடவே வரும்.

பெயரைவிட அதிகம் தொல்லை தருவது விலங்கின் அறிவியல் பெயர். பிளஸ்பாக், பான்டிபாக் இரண்டும் ஒரே மான் இனத்தின் இரு கிளைகள். பிளஸ்பாக்குக்குச் சர்வதேச வனவிலங்கு வணிக உடன்படிக்கையான சைட்டீஸ் பெர்மிட் தேவையில்லை. பான்டிபாக் அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அமெரிக்காவின் அழியும் உயிரினச் சட்டத்திலும் இருக்கிறது. தாளில் கிளைப் பெயரை விட்டுவிட்டு இனப்பெயரை மட்டும் எழுதினால், வந்திருப்பது எது என்று ஆய்வாளர் எப்படி முடிவு செய்வார்? பெட்டி நின்றுவிடும். வரிக்குதிரையிலும் இதே கதை. சமவெளி வரிக்குதிரைக்குப் பெர்மிட் வேண்டாம். நமீபியாவின் ஹார்ட்மன் மலை வரிக்குதிரைக்கு வேண்டும். கூடூ, இம்பாலா, ஜெம்ஸ்பாக், வில்டபீஸ்ட், ஸ்பிரிங்பாக் மான் வகைகள், வார்ட்ஹாக் பன்றி இவை பட்டியலுக்கு வெளியே உள்ளவை. பபூன் குரங்கு, வெர்வெட் குரங்கு, காரகல் பூனை, லெச்வே மான், நீர்யானை எல்லாம் இரண்டாம் பட்டியல். ஒட்டகச்சிவிங்கி 2019இல் அதே பட்டியலில் சேர்ந்தது. பண்ணைக்காரர் ‘சும்மா ஒரு பபூன் சுட்டுக்கொள்ளுங்கள்’ என்று இலவசமாகத் தருவார். அந்த ஒரு குரங்குக்குச் சைட்டீஸ் காகிதம் இல்லாமல் மொத்தப் பெட்டியும் நகராது. தவிர, குரங்கின் பாகங்கள் நோய்க்கிருமி அழியும்படி பதப்படுத்தப்பட்டவை என்று பாடம் செய்பவர் தரும் எழுத்துச் சான்றை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குக் காட்ட வேண்டும். மண்டையோடு வேண்டுமென்று உறுதியாக இருந்தால் ஒழிய, பபூனை விட்டுவிடுவது நல்லது.

சிறுத்தை முதல் பட்டியல். அதற்கு இரண்டு பெர்மிட். அமெரிக்க வனவிலங்குத் துறையின் இறக்குமதிப் பெர்மிட் முதலில் கையில் வர வேண்டும், அதைக் காட்டித்தான் ஆப்பிரிக்க நாட்டில் ஏற்றுமதிப் பெர்மிட் வாங்க முடியும். விண்ணப்பம் 3-200-19, கட்டணம் 100 டாலர், காத்திருப்பு மாதக்கணக்கு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டு ஒதுக்கீடு உண்டு. நமீபியாவுக்கு 250, டான்சானியாவுக்கு 500 என்று உடன்படிக்கையின் தீர்மானம் ஒன்றிலேயே எண் போட்டிருக்கிறார்கள். தோலில் பூட்டினால் திறக்க முடியாத வில்லை ஒன்று மாட்டப்பட்டிருக்கும். அதில் நாடு, ஆண்டு, ஒதுக்கீட்டில் எத்தனையாவது தோல் என்ற வரிசை எண் இருக்கும். வில்லையில் உள்ள எண்ணும் பெர்மிட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பாடம் செய்யும்போது இடைஞ்சல் என்று வில்லையை அறுத்தெறிந்துவிட்டு அனுப்பினால், அது பெயரில்லாத தோல். யானைத் தந்தத்தில் நாட்டுக் குறியீடு, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், வரிசை எண், கிலோ எடை நான்கும் அழியாதபடி பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். சிங்கம் 2016 முதல் அமெரிக்க அழியும் உயிரினச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் அடைத்து வளர்த்த சிங்கத்தின் ட்ரோஃபிக்கு அனுமதி தர முடியாது என்று அந்த ஆண்டே அறிவித்தார்கள். சிங்கம், சிறுத்தை, யானை எதுவானாலும் பணம் கட்டுவதற்கு முன் அந்த நாடு, அந்த ஆண்டு, அந்த இனத்துக்கு இறக்குமதி அனுமதி கிடைக்கிறதா என்று அமெரிக்கத் துறையிடமே கேளுங்கள். ஏற்பாட்டாளரின் வாக்குறுதி இங்கே செல்லாது.

களத்திலிருந்து சரக்கு ‘டிப் அண்ட் பேக்’ செய்யும் கிடங்குக்குப் போகும். மண்டையோட்டை அவித்து, சதை நீக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, எல்லாவற்றையும் கிருமிநாசினித் தொட்டியில் முக்கி, பூச்சி மருந்து அடித்துப் பெட்டியில் அடைப்பார்கள். கால்நடை மருத்துவச் சான்று இங்கேதான் வாங்கப்படும். கிரூகர் பூங்காவை ஒட்டிய கோமாரிக் கட்டுப்பாட்டுப் பகுதியில் சுட்ட எருமையானால், அந்தப் பகுதியைவிட்டுச் சரக்கை வெளியே எடுக்கவே அரசுக் கால்நடை மருத்துவரின் தனி அனுமதி வேண்டும். பெட்டி மரம், மரப் பொதிகளுக்கான சர்வதேச விதியான ஐ.எஸ்.பி.எம். 15இன்படி, உள்மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதாக இருந்து, ‘ஹெச்.டி.’ முத்திரை பலகையில் தெரிய வேண்டும். முத்திரையில்லாத ஒரு குறுக்குக் கட்டை போதும், பெட்டி திரும்பிப் போக.

இனி விமானக் கட்டணம். எடையைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம், இங்கே பணம் கேட்பது காற்று. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. உண்மை எடையும் அதுவும் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். அங்கேயே பாடம் செய்த கூடூ தலை ஒன்றுக்கு 130 × 90 × 120 பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் 234 கிலோ. மடித்த தோல்களும் கொம்புகளுமாக ஐந்து விலங்குகளை 120 × 80 × 70 பெட்டியில் அடைக்கலாம், அது 112 கிலோ. கூடூ, ஜெம்ஸ்பாக் போன்றவற்றுக்கு எலும்புக் குருத்தின் மேல் உறை மாதிரி கொம்பு உட்கார்ந்திருக்கும். அவித்தால் கழன்று வந்துவிடும், தனியாகப் படுக்கவைத்து அடைக்கலாம். முழு மண்டையோடு வேண்டாம், தோள்வரை பாடம் செய்தால் போதும் என்றால், கொம்பு நிற்கும் தட்டை மட்டும் அறுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியின் உயரம் பாதியாகும். ஆப்பிரிக்காவில் பாடம் செய்யும் கூலி குறைவு என்பது உண்மைதான், ஆனால் அந்த லாபத்தைப் பல நேரம் பெட்டி விழுங்கிவிடும். அதனால் விலை கேட்கும்போது பெட்டியின் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். அளவு சொல்லாத விலை, விலையே இல்லை.

கப்பல் மலிவு என்று போகிறவர்களும் உண்டு. பெரிய பெட்டிக்கு அது சரிதான். சின்னப் பெட்டிக்கு இறங்கு துறைமுகத்தில் கொள்கலன் பிரிக்கும் கூலி, கிடங்குக் கூலி, குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து விமானத்தையே எட்டிவிடும். கடல் ஈரத்தில் வாரக்கணக்கில் தோல் கிடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வேறொருவர் சரக்கோடு ஒரே விமானச் சரக்குச் சீட்டில் சேர்த்து அனுப்புவதும் பார்க்க லாபம்தான். ஆனால் கூட வருபவரின் பெர்மிட்டில் கோளாறு என்றால் உங்கள் பெட்டியும் அதோடு நிற்கும். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஐந்தையும் ஏற்ற மாட்டோம் என்று 2015இல் டெல்டா உள்ளிட்ட சில விமான நிறுவனங்கள் அறிவித்த பிறகு வழித்தடமும் குறைந்தது. எருமைக்குச் சைட்டீஸ் காகிதமே தேவையில்லை, ஆனாலும் ஏற்ற ஆள் தேட வேண்டியிருக்கிறது.

சைட்டீஸ் ஏற்றுமதிப் பெர்மிட்டுக்கு ஆயுள் ஆறு மாதம். கிளம்பினால் போதாது, அதற்குள் அமெரிக்க மண்ணில் வந்து இறங்கியிருக்க வேண்டும். எனவே பெட்டி அடைத்து முடியும் நேரத்தில் பெர்மிட் வாங்குவதுதான் முறை. ஏற்றுமதி நாளில் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி சரக்கைப் பார்த்து, பெர்மிட்டின் அடிப்பகுதியில் உள்ள கட்டத்தில் உண்மையில் போகும் எண்ணிக்கையை எழுதி, தேதியிட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைக்க வேண்டும். அந்தக் கட்டம் காலியாக வந்த பெர்மிட் அமெரிக்காவில் செல்லாத பெர்மிட். எங்களைக் கேட்டால் மொத்தப் பயணத்திலும் மிகச் சிறிய வேலை இதுதான், மிகப் பெரிய நஷ்டமும் இதில்தான். கிடங்குக்காரரிடம் அந்தக் கட்டத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, பெட்டி ஏறுவதற்குமுன் பாருங்கள். ஏறிய பிறகு வாங்கும் புதுப் பெர்மிட் பயன்படாது. பெர்மிட்டில் நோக்கக் குறியீடு ‘எச்’, அதாவது வேட்டைச் சின்னம் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். தோலில் பையோ, காலில் விளக்குத் தண்டோ செய்து வாங்கியிருந்தால் அது அதே பெட்டியில், மற்றப் பாகங்களோடு வர வேண்டும், பெர்மிட்டில் பொருள்வாரியாக எழுதியிருக்கவும் வேண்டும். தனியாகப் பின்னால் அனுப்பினால் அதை வேட்டைச் சின்னமாக ஏற்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் நினைத்த விமான நிலையத்தில் எல்லாம் இறக்க முடியாது. வனவிலங்குச் சரக்குக்கென்று குறித்த நுழைவிடங்கள் உண்டு. அட்லாண்டா, டல்லாஸ், ஹூஸ்டன், நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் எல்லாம் அதில் அடக்கம். வீட்டுக்குப் பக்கத்து ஊர் என்று வேறெதையாவது எழுதிக் கொடுத்தால் அங்கிருந்து நகர்த்தும் செலவு உங்கள் தலையில். சுங்க முகவருக்கு அதிகாரப் பத்திரம், பாஸ்போர்ட் நகல், வேட்டை உரிமம், பதிவேட்டு நகல் நான்கையும் பெட்டி கிளம்புமுன்பே கொடுத்துவிடுங்கள். அவர் வனவிலங்குத் துறைக்கு 3-177 படிவம் போடுவார், பிறகு வேளாண் துறை, பிறகு சுங்கம். மூன்று கையெழுத்தும் விழும்வரை பெட்டி கிடங்கில். இலவச நாட்கள் மிகக் குறைவு, அதன் பிறகு நாள் வாடகை ஓடும்.

வேளாண் துறை பார்ப்பது நோய். சதையும் நரம்பும் ஒட்டாத, சுத்தமாகக் காய்ந்த கொம்பு, எலும்பு, குளம்பு நேரே வீட்டுக்குப் போகலாம். பதனிட்ட தோலுக்கும் முழுதாகப் பாடம் செய்த தலைக்கும் தடையில்லை. வெறும் உப்புத் தோல், அதிலும் வார்ட்ஹாக் போன்ற பன்றித் தோல், துறை அங்கீகரித்த பாடம் செய்யும் கூடத்துக்கு நேராகப் போக வேண்டும். பன்றித் தோலுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பயம்தான் காரணம். உங்கள் ஊர்க்காரர் அங்கீகாரம் பெற்றவரா என்று வேட்டைக்குப் போகுமுன்பே விசாரித்து, அவர் முகவரியைக் கிடங்குக்குக் கொடுத்து வையுங்கள். மண்டையோட்டின் மூளைப் பொந்தில் ஒரு நுனிச் சதை காய்ந்து ஒட்டியிருந்தால்கூட அதுவும் அங்கேதான் போகும்.

பெட்டி வந்ததும் அதைத் திறக்குமுன் ஆறு பக்கமும் படமெடுங்கள். துண்டுகளை அடுக்குப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். ஒடிந்த கொம்புக்கு விமான நிறுவனத்தின்மேல் புகார் என்றால், மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சரக்கு கைக்கு வந்த 14 நாளுக்குள் எழுத்தில் போயாக வேண்டும். பெட்டி நேராகப் பாடம் செய்யும் கூடத்துக்குப் போகிறதென்றால் சரக்கு வாங்குபவர் அவர், நாள் ஓடுவதும் அங்கிருந்துதான். திறந்து பார்க்காமல் அடுக்கி வைக்க வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.