சேர் வீட்டு அன்ரெனாவும் ஒரு விண்கப்பலும்

"டேய், கிழக்காலை திருப்பு... இன்னும் கொஞ்சம்... போதும், போதும்! ஐயோ, போட்டுதடா!"

எண்பத்தைந்தாம் ஆண்டு வாக்கில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் யாழ்ப்பாணத்தில் எங்கள் பௌதிக சேரின் வீட்டு முற்றத்தில் கேட்ட சத்தம் இது. பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் பெரும்பாலும் நான்தான். கிணற்றடிக்குப் பக்கத்தில் நட்டிருந்த நீளமான இரும்புப் பைப். அதன் உச்சியில் அலுமினியக் கம்பிகள் வடக்கே மெட்ராஸ் பக்கம் பார்த்தபடி நிற்கும். உள்ளே பாயிலும் வெறும் நிலத்திலுமாகப் பத்துப் பன்னிரண்டு பொடியன்கள். முன்னால் ஒரு கறுப்பு வெள்ளை ரிவி. தூரதர்ஷன் தெளிவாக வருவதும் வராததும் அன்றைய காற்றையும் வெயிலையும் பொறுத்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க ஊரே அன்ரெனாவைத் திருப்பும். ஞாயிறு காலையில் ஒரு ஆங்கில நிகழ்ச்சிக்காகத் திருப்பியது எங்கள் ஒழுங்கையில் சேர் ஒருவர்தான்.

அந்த நிகழ்ச்சி ஸ்ரார் ட்ரெக். அமெரிக்காவில் 1966 செப்டெம்பரில் தொடங்கி மூன்றே வருடத்தில் நிறுத்தப்பட்ட தொடர். மொத்தம் 79 பாகங்கள். எங்கள் கண்ணுக்கு எட்டியபோது அதற்கு இருபது வயது ஆகப்போகிறது. அது பழையது என்று எங்களுக்குத் தெரியாது. என்ரர்பிரைஸ் என்ற விண்கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவே போகிறது, கப்டன் கேர்க் கட்டளை கொடுக்கிறார், கூர்க் காது ஸ்பொக் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துகிறார். அது போதும்.

சேர் எங்களைச் சும்மா படம் பார்க்கக் கூப்பிடவில்லை. "பிழை பிடியுங்கோ" என்பார். ஆளுக்கொரு கொப்பி கொண்டுபோக வேண்டும். கதையில் பௌதிகம் எங்கெங்கே பிழைக்கிறது என்று எழுத வேண்டும். முதல் நாளே ஒருவன் பிடித்துவிட்டான்: தொடக்கத்தில் கப்பல் 'ஸ்ஸூ' என்று பறந்து போகிறதே, வெற்றிடத்தில் ஒலி எப்படிக் கேட்கும்? சேருக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. அடுத்த நாள் வகுப்பில் ஒலி அலைகள் பாடத்தை அங்கேயிருந்துதான் தொடங்கினார். இன்றைக்கும் எனக்கு ஒலிக்கு ஊடகம் வேண்டும் என்றால் அந்தக் கப்பல்தான் ஞாபகம் வரும்.

ஆட்களை ஒளிப்புள்ளிகளாகக் கரைத்து இன்னொரு கிரகத்தில் இறக்குகிற அந்தக் கருவியைப் பற்றி நாங்கள் இரண்டு வாரம் சண்டை பிடித்தோம். பல வருடங்களுக்குப் பிறகுதான் அது பிறந்த காரணத்தைப் படித்தேன். ஒவ்வொரு கிழமையும் அவ்வளவு பெரிய கப்பலைத் தரையில் இறக்கிக் காட்டத் தயாரிப்பாளரிடம் காசு இல்லை, அவ்வளவுதான். கதவுகள் தானாகத் திறப்பது போலத் தெரிந்ததும் பின்னால் நின்று ஆட்கள் இழுத்ததால்தான். டொக்டர் மக்கோயின் சத்திரசிகிச்சைக் கருவிகளில் சில, கடையில் வாங்கிய உப்புக் குப்பிகள். காசில்லாத இடத்தில் மூளையைப் போட்டு வேலை செய்திருக்கிறார்கள். அளவுகோலும் மாபிளும் நூலும் வைத்து எங்களுக்குப் பரிசோதனை செய்து காட்டிய சேருக்கு இது தெரிந்திருந்தால் இன்னும் பிடித்திருக்கும்.

ஒரு ஞாயிறு மட்டும் பிழை பிடிக்கவில்லை.

அன்றைய கதையில் வேற்றுக்கிரகத்தார் இரண்டு பேர் வருகிறார்கள். இருவருக்கும் முகம் நடுவால் கோடு கீறியது போல, ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெள்ளை. ஒருவர் தப்பி ஓடுகிறவர், மற்றவர் துரத்துகிறவர். ஐம்பதாயிரம் வருடமாகத் துரத்துகிறாராம். ஏன் இந்தப் பகை என்று கப்பலில் யாருக்கும் விளங்கவில்லை, எங்களுக்கும் விளங்கவில்லை. இருவரும் ஒரே மாதிரித்தானே இருக்கிறார்கள்! ஒரு கட்டத்தில் துரத்துகிறவர் கோபத்தோடு சொல்கிறார், தன் இனத்தில் எல்லோருக்கும் வலது பக்கம் கறுப்பு, அவனுடைய ஆட்களுக்கு இடது பக்கம் என்று. கடைசியில் அவர்களுடைய கிரகத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கே உயிரோடு ஒருவரும் இல்லை. இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் கொன்று முடித்துவிட்டார்கள். எஞ்சிய இரண்டு பேரும் எரிந்த ஊருக்குள் இறங்கி, மறுபடி ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

எங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் அந்த முகங்கள் அளவெடுத்தது போலப் பொருந்தியிருந்தன. படம் முடிந்ததும் சேர் எழுந்து ரிவியை நிற்பாட்டினார். நடுவில் அந்த வெள்ளைப் புள்ளி சுருங்கி மறையும் வரை ஒருவரும் பேசவில்லை. எப்போதும் "எத்தினை பிழை?" என்று கேட்பவர் அன்று கேட்கவில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ தம்பிமார். நேரத்துக்கு வீட்டை போய்ச் சேருங்கோ" என்றார். அந்த நாட்களில் நேரத்துக்கு வீட்டுக்குப் போய்ச் சேருவது எவ்வளவு பெரிய விசயம் என்பது என்னோடு படித்தவர்களுக்குத் தெரியும். அந்த வகுப்பில் இருந்தவர்களில் சிலர் இன்று இல்லை. பெயர் எழுத மனம் வரவில்லை.

நான் 1988 இல் ரொறன்ரோ வந்தேன். ஆறு பேர் இருந்த ஒரு நிலக்கீழ் வீடு, இரவில் தொழிற்சாலை வேலை. பகலில் நித்திரை வராத நேரங்களில் ரிவி. பழைய அமெரிக்கத் தொடர்களை அப்போதெல்லாம் திரும்பத் திரும்பப் போடுவார்கள். குதிரைப் பண்ணைக் கதையான பொனான்சா, மூக்கை ஆட்டி மந்திரம் செய்கிற பெண்ணின் பிவிட்ச்ட் என்று நிறையப் பார்த்தேன். ஒரு மத்தியானம் சனலை மாற்றிக்கொண்டு போகையில் திடீரென்று என்ரர்பிரைஸ். நிறத்தில்! கேர்க்குக்கு மஞ்சள் சட்டை, ஸ்பொக்குக்கு நீலம், எஞ்சினியர் ஸ்கொட்டிக்குச் சிவப்பு. இத்தனை காலம் எங்களுக்கு எல்லோரும் சாம்பல்தான். அன்று வேலைக்குப் போகும் வரை கண் மூடவில்லை.

அந்த நிறத்துக்கும் ஒரு காரணம் உண்டு. தொடரை ஒளிபரப்பிய என்.பி.சி. அப்போது ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. ஆர்.சி.ஏ. கலர் ரிவி விற்ற நிறுவனம். பெட்டி விற்க வேண்டுமென்றால் திரையில் நிறம் பளிச்சென்று இருக்க வேண்டும். இன்னொரு புதினம், கப்டனின் சட்டைத் துணி உண்மையில் பச்சை. படப்பிடிப்பு விளக்குகளுக்குக் கீழே படச்சுருளில் அது மஞ்சளாக விழுந்தது.

என் ஆங்கிலத்துக்கும் இந்தத் தொடர் உதவியது. வேலைத்தளத்தில் ஆட்கள் பேசியது எனக்குப் பாதிதான் பிடிபடும். ஸ்பொக் பேசியது முழுதாக விளங்கியது. அவர் வசனத்தை முழுசாகச் சொல்லுவார், சொல்லை விழுங்கமாட்டார், கொச்சை கிடையாது. கல்லூரியில் எங்கள் ஆங்கில மிஸ் பேசியது போலவே இருக்கும்.

அப்புறம் கனடாக்காரனாக எனக்கு ஒரு சொந்தம் வந்தது. கேர்க்காக நடித்த வில்லியம் ஷட்னர் மொன்றியலில் பிறந்தவர். ஸ்கொட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன் வன்கூவரில் பிறந்து, 1944 ஜூன் 6 ஆம் திகதி கனடியப் படையோடு நோர்மண்டிக் கரையில் இறங்கி, குண்டடிபட்டு ஒரு விரலை இழந்தவர். திரையில் அந்தக் கையை மறைத்தே நடித்திருக்கிறார். பொனான்சாவின் அப்பா லோர்ன் கிறீன் ஒட்டாவாக்காரர். ஸ்ரார் ட்ரெக்கின் முதல் பாகமே அமெரிக்காவுக்கு இரண்டு நாள் முந்தி, 1966 செப்டெம்பர் 6 ஆம் திகதி, இங்கே சி.ரி.வி.யில்தான் போனது.

ஆனால் என்னை உண்மையில் பிடித்து உலுக்கியது சுலுவாக நடித்த ஜோர்ஜ் டக்கேயின் கதை. கப்பலை ஓட்டுகிற அந்தச் சிரித்த முகக்காரர், யப்பானிய வம்சாவளிப் பெற்றோருக்கு லொஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். 1942 இல் அவருக்கு ஐந்து வயது. துப்பாக்கியோடு வந்த சிப்பாய்கள் குடும்பத்தை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். யப்பானிய வம்சம் என்பது ஒன்றே குற்றம். முதலில் சாந்தா அனிற்றா குதிரைப் பந்தயத் திடலில், குதிரை கட்டிய தொழுவத்தில் வைத்தார்கள். பிறகு ரயிலில் ஏற்றி ஆர்கன்சாவில் இருந்த றோவர் முகாமுக்கு. பிறகு இன்னொரு முகாம். முள்வேலி யன்னலால் தெரிய, வகுப்பறையில் நின்று அமெரிக்கக் கொடிக்கு விசுவாசப் பிரமாணம் சொன்னதை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

1987 ஒக்ரோபரில், ஊரில் சண்டை நடந்தபோது, நாங்களும் வீட்டை விட்டு வந்து ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில்தான் படுத்திருந்தோம். வாங்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அம்மாவின் சீலையை மறைப்பாகக் கட்டியிருந்தோம். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கணக்கு அப்படியே இருந்தது. டக்கேயின் கதையைப் படித்த அன்று அந்தக் கரும்பலகை எனக்கு முன்னால் வந்து நின்றது. அமெரிக்காவும் கனடாவும் அந்த யப்பானிய வம்சத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது 1988 இல், நான் இங்கே வந்து இறங்கிய அதே வருடம். அது நடந்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது. பனிச் சப்பாத்து எங்கே மலிவு என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த முகாம் பிள்ளையை 1966 இல் கப்பலின் முன்வரிசைக் கதிரையில் இருத்தியவர் தொடரை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி. பின்னால் தொடர்பாடல் மேசையில் கறுப்பினப் பெண்ணான உஹுரா. அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில், இரண்டாவது பருவத்தில் சுலுவுக்குப் பக்கத்தில் செக்கோவ் என்ற ரஷ்ய இளைஞன். யாரும் அவர்களைப் பார்த்து ஆச்சரியப்படுவதில்லை, ஏன் இங்கே இருக்கிறாய் என்று கேட்பதில்லை. எல்லோரும் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். அந்த நேரம் அமெரிக்காவின் சில மாநிலங்களில் வெள்ளையரும் கறுப்பரும் கலியாணம் கட்டினால் சட்டப்படி குற்றம். உச்ச நீதிமன்றம் அதை நீக்கியதே 1967 ஜூனில்தான்.

உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் முதல் பருவம் முடிந்ததும் விலக நினைத்தார். மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்து, விலகக் கூடாது என்று மறித்த கதையை அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு நாசாவுக்காகப் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளி வீரர்களாகச் சேர்க்க ஊர் ஊராகப் போனார். 1992 இல் விண்ணுக்குப் போன முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன், தன்னைச் சின்ன வயதில் இழுத்தது உஹுராதான் என்று சொன்னவர். கைத்தொலைபேசி அதில்தான் முதலில் வந்தது, இது அதில்தான் வந்தது என்று பலர் பட்டியல் போடுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. மே ஜெமிசன் என்கிற சிக்காகோச் சிறுமி ஒரு கதிரையைப் பார்த்து, அதில் நானும் இருக்கலாம் என்று நினைத்ததுதான் எனக்குப் பெரிசு.

சில வருடங்களுக்கு முன் பிள்ளைகளோடு நியூயோர்க் போனபோது, இன்ரெபிட் அருங்காட்சியகக் கப்பலில் வைத்திருக்கும் என்ரர்பிரைஸ் விண்ணோடத்தைப் பார்த்தேன். நாசா அதற்கு வேறு பெயர் வைக்கத்தான் இருந்தது. 1976 இல் ஸ்ரார் ட்ரெக் ரசிகர்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி இந்தப் பெயரை வைக்கச் செய்தார்கள். 1968 இல் தொடரையே நிறுத்தவிடாமல் இன்னொரு பருவம் ஓட வைத்ததும் கடிதங்கள்தான். பரிசோதனைக்குக் கட்டிய ஓடம், அதனால் அது விண்ணுக்குப் போனதேயில்லை. அதன் மூக்குக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது, என் கை தானாக ஒரு பைப்பைத் தேடியது.

அன்றிரவு ஹோட்டலில் இருந்து சேருக்கு போன் எடுத்தேன். அவர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், குரலில் மாற்றமில்லை. டக்கேயின் கதையைச் சொன்னேன். "ஐஞ்சு வயசிலையோ?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சட்டைகளின் கதையைச் சொன்னேன்.

"நான் எல்லாம் சாம்பல் எண்டுதான் நினைச்சிருந்தன். கப்டன்ரை பச்சையோ?"

"துணி பச்சை சேர். படத்திலை மஞ்சள்."

"அப்ப அந்த லைற்றிலை சிவப்புக் கூட இருந்திருக்கும். பச்சையும் சிவப்பும் சேர்ந்தால் என்ன ஒளி? படிப்பிச்சனான் எல்லே."

"மஞ்சள் சேர்."

"சரி. ஸ்பொக்?"

"நீலம்."

"அந்தப் பிள்ளை? உஹுரா?"

"சிவப்பு சேர்."

"சுலு?"

"கப்டன்ரை நிறம்தான் சேர்."