மாம்பழ மஞ்சள்

செர்பியாவில் நோவி சாத் நகரத்தில் கட்டட வேலை செய்யும் என் பெறாமகன், போன ஞாயிறு வட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். "சின்னம்மா, உங்கள் வயலின்" என்று மட்டும் எழுதியிருந்தான். நான்கு பேர் வாசிக்கிறார்கள். மைக்கைத் தேடினேன், இல்லை. வில்லை எடுத்த பிறகும் நாதம் மேலே போய் மெதுவாகத்தான் அடங்குகிறது. இணுவிலில் இருபது வருடமாக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். மின்விசிறி இரைச்சலையும் ஒலிபெருக்கியின் வீரிடலையும் தாண்டி ஒரு கமகம் கடைசி வரிசைவரை போனதை நான் கண்டதில்லை. பொறாமையாக இருந்தது.

என்ன மண்டபம் என்று கேட்டேன். பழைய யூத ஜெப ஆலயமாம்.

இரவு தேடி வாசித்தேன். லிபோட் பாம்ஹோர்ன் என்ற ஹங்கேரியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1909இல் கட்டி முடித்தது. கும்மட்டம் 40 மீற்றர் உயரம். 1944 ஏப்ரலில் ஊர் யூதர்களைப் பிடித்து இதே கூடத்தில் அடைத்துவைத்துத்தான் நாசிகளின் கொலைமுகாமான அவுஷ்விட்சுக்கு ரயிலேற்றினார்கள். போருக்கு முன் ஏறக்குறைய 4,000 பேர். மிஞ்சியவர்கள் 1,000 பேரளவில். அவர்களிலும் பலர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். 1991இல் ஆலயத்தை நகரசபைக்குக் குத்தகைக்கு விட்டது எஞ்சிய சமூகமே. பக்கத்திலிருந்த அவர்களுடைய பள்ளிக்கூடத்தில் இப்போது பாலே பழக்குகிறார்கள்.

குத்தகை என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. குத்தகைக்கு விடவாவது அங்கே ஆள் இருந்தது.

1990 ஒக்டோபர் கடைசியில் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பதினொரு வயது. என் பாவாடைக்கு அளவெடுத்துப் போயிருந்த சோனகத்தெருத் தையல்காரரும் போய்விட்டார். சில நாள் கழித்து அப்பாவின் சைக்கிளில் அந்தத் தெருவால் போனோம். அவர் அடித்த மணி, பூட்டிய வீடுகளின் சுவர்களில் பட்டு எங்களிடமே திரும்பி வந்தது. அவ்வளவு துல்லியமான ஒலியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதன் பிறகு அப்பா மணியடிக்கவில்லை.

சனிக்கிழமை வகுப்பில் காணொளியைப் போட்டேன். "ரீச்சர், அங்கே கும்பிட்ட சனமெல்லாம் எங்கே?" என்றாள் ஒருத்தி. முதலில் சுருதி சேருங்கள் என்று சமாளித்தேன். வகுப்பு முடிந்த பிறகும் அவள் வயலின் பெட்டியை மூடாமலே இருந்தாள். இரண்டு கதையையும் சொன்னேன்.

"அந்தப் பாவாடைத் துணி என்ன நிறம், ரீச்சர்?"

மாம்பழ மஞ்சள் என்றேன்.