இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ஞாயிறு

பிப்ரவரி 5, புதன்

ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் டிராக் டே, அதாவது சொந்த வண்டியை டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாள். அதற்குப் பெயர் கொடுத்துவிட்டேன். போட்டி இல்லை, கோப்பை இல்லை, தினமும் ஆபீஸுக்கு ஓட்டுகிற அதே கார்தான். மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனால், "பிரேக் ஆயில் எப்ப தம்பி மாத்துனது?" என்றுதான் முதலில் கேட்டார். மூன்று வருஷம். உறிஞ்சி எடுத்தபோது டிகாஷன் நிறத்தில் வந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்கிற வகை ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறியதற்கு 155 தாங்கினாலே போதும் என்பது தர விதி. கொதித்தால் குமிழி வரும், அப்புறம் பெடலை மிதித்தாலும் பிரேக் பிடிக்காது.

பிப்ரவரி 8, சனி

வண்டியைக் காலி செய்தேன். ஜாக்கி, குடை, சீட்டுக்கடியில் கிடந்த தண்ணீர் பாட்டில் (அது உருண்டு பெடலுக்குள் போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது). டேஷ்போர்டு பிள்ளையாரை அம்மா பூஜை அறைக்கு எடுத்துப் போனார். இன்சூரன்ஸ் பாலிசியையும் படித்தேன், டிராக்கில் அடிபட்டால் எதுவும் வராது. போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. முதலில் கொடிப் பாடம்: மஞ்சள் என்றால் முந்தக் கூடாது, சிவப்பு என்றால் மெதுவாகப் பிட்டுக்குள் (டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்துகிற இடம்) வந்துவிட வேண்டும், நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி. நேர்ப்பாதையில் மட்டும்தான் முந்தலாம், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டிய பிறகு.

முதல் பதினைந்து நிமிஷத்தில் எல்லா வளைவிலும் தாமதமாகப் பிரேக் போட்டு, வளைவுக்குள்ளேயும் மிதித்துக்கொண்டே போனேன். நான்காவது சுற்றில் பெடல் ஒரு விரலளவு கூடுதலாக இறங்கியது, கருகிய வாடை வேறு. உடனே வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமலே ஒரு சுற்று ஓட்டி ஆறவிட்டு வெளியே வந்தேன். பிரேக் இன்னும் சூடாக இருந்ததால் ஹேண்ட் பிரேக் போடவில்லை. கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். காலையில் 33 இருந்த டயர் காற்று 39 காட்டியது, இறக்கினேன்.

பக்கத்தில் பழைய செடான் வைத்திருந்த பெரியவர் சொன்னார், "நேரா இருக்கும்போதே பிரேக்கை முடிச்சிடுங்க தம்பி, கண்ணை வளைவோட வெளிவாசல்ல வைங்க." அடுத்த முறை அப்படியே செய்தேன். ஸ்டியரிங் லேசாகிவிட்டது, முன்டயர் கத்தவே இல்லை. நாள் முழுக்க எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

பிப்ரவரி 10, திங்கள்

கழுத்து வலி. அரை டாங்க் பெட்ரோல் காலி. வீல் நட்டு எல்லாவற்றையும் மறுபடி முறுக்கினேன், ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது. முன் பிரேக் பேடு இன்னும் பாதி இருக்கிறது.